நீலக் கோடு போட்ட தட்டுகள்

மூன்றாம் தளத்தில் படிக்கட்டை ஒட்டிய கடைசி அறைதான் தட்டக்காவின் ராஜ்யம். இருபத்திரண்டு வருஷமாக அங்கே அவள் தட்டு ஊற்றுகிறாள். உள்ளங்கை அகலத்தில் மூடி போட்ட பிளாஸ்டிக் தட்டுகள். உப்பும் சத்தும் கடல்பாசிப் பொடியும் கலந்து, இடுப்புயர குக்கரில் ஆவி கட்டி வேகவைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் தட்டுத் தட்டாக ஊற்றினால் ஆறிக் கட்டியாகிவிடும். அந்தக் கட்டடத்தில் பாக்டீரியாவை ஆராய்கிற அத்தனை பேரும் அவற்றை வளர்ப்பது அதன் மேல்தான். எத்தனை பெரிய பட்டம் வாங்கியவராக இருந்தாலும் தட்டு வேண்டுமென்றால் தட்டக்காவின் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றுதான் ஆகவேண்டும்.

ஜன்னல் என்றால் சுவரில் ஒரு முழ அகலத்துக்குச் சின்ன மரக்கதவு. சீட்டு எழுதி நீட்டினால் தட்டு வெளியே வரும். சீட்டில்லாதவனுக்குக் கதவு சாத்திக்கொள்ளும். சீட்டில் ‘அவசரம்’ என்று அடிக்கோடு போடுகிறவர்களை அக்கா வேண்டுமென்றே கடைசியில் வைப்பாள். எல்லோருக்கும்தான் அவசரம், இவர் மட்டும் என்ன வானத்திலிருந்து குதித்தவரா என்பது அவள் கட்சி. வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அவள் ஊற்றிய தட்டு ஒன்றுகூடக் கெட்டதில்லை என்று அந்தக் கட்டடமே சொல்லும். அந்தப் பேச்சு காதில் விழும்போது கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதில் அவளுக்குத் தனி சுகம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. இருபது இருபது தட்டாக அடுக்கி, அடுக்கின் பக்கவாட்டில் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக வண்ணப் பேனாவால் கோடு இழுப்பாள். ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் ஒரு சிறு கோடு விழும். எந்த உப்புக் கரைசலில் ஊற்றியதோ அந்த நிறம். ஒரு கரைசல் தீர்ந்து அடுத்தது தொடங்கினால் நிறம் மாறும். விவரமெல்லாம் அவளுடைய நோட்டில் இருக்கும். தட்டு வாங்குகிறவர்கள் இதை ஏதோ அழகுக்குப் போடுகிறாள் என்றே நினைத்திருந்தார்கள். கேட்டால்தானே சொல்வதற்கு.

கேட்கிற பழக்கமுள்ள ஒரே ஆள் நெட்டை. ஆராய்ச்சிக்கு வந்து மூன்று வருஷமாகிற பெண். ஜன்னலில் பேசவேண்டுமென்றால் இடுப்பை ஒடித்துக் குனியவேண்டும், அவ்வளவு உயரம். வந்த முதல் வாரமே அக்கா பெயர் வைத்துவிட்டாள். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை, “நெட்டை வந்திருக்கேன்” என்றே ஜன்னலைத் தட்டுவாள். அவளுக்கு வேண்டியது பால் தட்டு. கொழுப்பு நீக்கிய பாலைச் சேர்த்து ஊற்றுவது. வெள்ளைவெளேரென்று இருக்கும். அவளுடைய பாக்டீரியா தன் வயிற்றுக்குள் ஒரு புரதத்தைச் செய்து வெளியே தள்ளினால், அந்தப் புரதம் சுற்றியுள்ள பாலைத் தின்று தீர்த்துவிடும். வெள்ளைக்கு நடுவே தெளிந்த வளையம் ஒன்று விழும். தள்ளவில்லையென்றால் வளையமும் இல்லை.

ஒருநாள் மத்தியானம், குக்கர் ஆவி அடங்கும்வரை செய்ய வேலையில்லாத நேரத்தில், தள்ளுவது என்றால் எப்படித் தள்ளும், அதற்கென்ன கையா காலா என்று அக்கா கேட்டாள். நெட்டை சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுச் சொன்னாள். பாக்டீரியாவைச் சுற்றி எண்ணெய்ப் படலம் மாதிரி ஒரு சவ்வு இருக்கிறது, புரதம் அதை அப்படியே கடந்துவிட முடியாது. சவ்வில் சின்னச் சின்ன வாசல்கள் உண்டு. புரதம் மணிமணியாகக் கோர்த்த நீளமான இழையாக வரும். அதன் தலையில் ஒரு துண்டு அடையாளம் இருக்கும், அதைப் பார்த்துத்தான் வாசல் திறக்கும். உள்ளே இன்னொரு புரதம் மோட்டார் மாதிரி நின்றுகொண்டு இழையைப் பிடித்துப் பிடித்துத் தள்ளும். அந்தப் பக்கம் போனதும் தலைத் துண்டு வெட்டுப்பட்டு விழுந்துவிடும். அதன் பிறகுதான் இழை சுருண்டு மடிந்து தன் உருவத்துக்கு வரும். உள்ளேயே மடிந்துவிட்டால் வாசலில் நுழையாது.

“இதுக்கா இவ்வளவு பெரிய படிப்பு? பைஜாமாவுக்கு நாடா கோர்க்கிறதுதானே இது. தலையில ஊக்கைக் குத்துறோம், துணிக்கு மேலேயே விரலால தள்ளித் தள்ளி அந்தப் பக்கம் எடுக்கிறோம், அப்புறம் ஊக்கைக் கழட்டிடறோம். நாடாவில முடிச்சு விழுந்தா போகாது.”

நெட்டை அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். அன்றைக்கு முழுக்க அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் மூன்று தடவை சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். மோட்டார் என்ற சொல் வந்த இடத்தில் மட்டும் காது கொடுத்துக் கேட்டார்.

நெட்டையின் ஆராய்ச்சி அந்த ஊக்கைப் பற்றியது. ஊக்கில் ஒரே ஒரு மணியை மாற்றிவிட்டால் வாசல் திறக்காது என்பது அவள் எண்ணம். அதை நிரூபித்தால் பட்டம். பட்டம் வந்தால் கடல் தாண்டி ஓர் இடத்தில் வேலை காத்திருக்கிறது. ஆனால் மூன்று வருஷமாக ஒன்றும் பிடிகொடுக்கவில்லை. ஒரு தடவை மாற்றிய பாக்டீரியா வளரவே வளராது, இன்னொரு தடவை மாற்றமே உள்ளே ஏறியிருக்காது. ஜன்னலுக்கு வருகிற முகம் மாதாமாதம் வாடிக்கொண்டே வந்ததை அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பெற்ற மகளாக இருந்தால் போதும் வா வீட்டுக்கு என்று இழுத்துக்கொண்டு போயிருப்பாள்.

பெற்ற மகளுக்குத் தலைப்பிரசவம் வந்தது. அக்கா மூன்று வாரம் விடுப்பு எழுதிக்கொடுத்தாள். அவள் இடத்தில் கிடங்கிலிருந்து ஒருவர் வந்து உட்காருவதாக ஏற்பாடு. தட்டு ஊற்றச் சொல்லிக்கொடுத்துவிடலாம். உப்புக் கரைசல் கலக்குவதை அந்த ஆளிடம் விட அவளுக்கு மனசு வரவில்லை. பத்து மடங்கு அடர்த்தியில் கலக்கி வைத்து, ஊற்றும்போது ஒன்றுக்குப் பத்தாக நீர்க்கச் செய்யவேண்டும். மூன்று வாரத்துக்கும் சேர்த்துக் கலக்கி வைத்தால் இரண்டாம் வாரமே பஞ்சு பஞ்சாகப் பூசணம் மிதக்கும். கீழ்த்தளத்தில் வேலை பார்க்கிற ஒருவர் தங்கள் கரைசல்களுக்குப் போடுகிற மருந்து ஒன்றைச் சொன்னார். அசைடு என்று பெயர், நிறமில்லாத தண்ணீர் மாதிரி இருக்கும், விஷம், ஆனால் கொஞ்சம் போட்டால் மாதக்கணக்கில் ஒன்றும் முளைக்காது. தட்டில் வளரவேண்டிய பாக்டீரியாவையும் கொன்றுவிட்டால் என்ன செய்வது என்று அக்கா கேட்டாள். மருந்து பத்து மடங்கு நீர்த்தபின் பாக்டீரியா வளரத்தான் செய்யும் என்றார் அவர்.

அவர் சொன்னதற்காக அவள் நம்பிவிடவில்லை. லிட்டருக்கு ஐம்பது மில்லி என்று அளந்து போட்டு, ஒரு தட்டு ஊற்றி, பொதுவில் வைத்திருக்கும் சாதாரண பாக்டீரியாவை அதன் மேல் கோடாகத் தேய்த்துப் பார்த்தாள். கொஞ்சம் சோனியாக வளர்ந்தது, ஆனால் வளர்ந்தது. நிம்மதியாக மூன்று பெரிய பாட்டில் கலக்கி, நோட்டில் ‘நீலம்’ என்று எழுதி, பக்கத்தில் மருந்தின் அளவையும் குறித்து, மாற்று ஆளிடம் நீலப் பேனாவைக் கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போனாள். வளர்கிறதா என்று பார்த்தாளே ஒழிய, தள்ளுகிறதா என்று பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

பேரன் பிறந்தான். மூன்றே முக்கால் கிலோ, அப்பா மூக்கு. மூன்று வாரம் தூக்கமில்லாமல் கண் சிவந்து வேலைக்குத் திரும்பிய அன்று, ஜன்னலைத் திறக்கும் முன்பே நெட்டை அறைக்குள் புகுந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். வந்துவிட்டதாம். ஊக்கு மாற்றிய பாக்டீரியா பால் தட்டில் வளர்கிறது, ஆனால் வளையம் இல்லவே இல்லை. வாசல் திறக்கவில்லை. ஊக்கு மாற்றாத சாதாரண பாக்டீரியாவுக்குப் பெரிய வளையம். மூன்று தடவை செய்து பார்த்தாயிற்று. அடுத்த செவ்வாய்க்கிழமை எல்லோர் முன்னிலையிலும் பேச்சு, வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வருகிறார்கள். அந்தப் பெண் அப்படிச் சிரித்து அக்கா பார்த்ததில்லை. இவளுக்கும் கண் நிறைந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை ஒத்திகை. நாடா கோர்த்த அக்கா இல்லாமலா என்று நெட்டை கையைப் பிடித்து இழுத்துப்போய் முன்வரிசையில் உட்காரவைத்தாள். திரையில் முதலில் ஊக்கும் நாடாவும் படமாக வந்தன. எங்கள் தட்டக்கா சொன்னது என்று நெட்டை சொன்னபோது பேராசிரியர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். அக்கா புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு அந்தப் புகைப்படம் வந்தது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தட்டு. இடது பக்கம் சாதாரண பாக்டீரியா, சுற்றிலும் தெளிந்த வளையம். வலது பக்கம் ஊக்கு மாற்றியது, வளையமில்லாமல் வெறும் வெள்ளை.

எல்லோரும் வளையத்தைப் பார்த்தார்கள். அக்கா விளிம்பைப் பார்த்தாள். இடது தட்டின் விளிம்பில் பச்சைக் கோடு. வலது தட்டில் நீலக் கோடு.

பச்சை, அவள் விடுப்பில் போகுமுன் ஊற்றியது, மருந்து கலக்காதது. நீலம் மருந்து கலந்தது. கூட்டம் கலைந்ததும், ஏன் இரண்டும் வேறு வேறு நிறம் என்று பட்டும்படாமல் கேட்டாள். நெட்டை யோசித்துச் சொன்னாள்: அந்த மாற்று ஆள் ஒரு நாளைக்கு ஓர் அடுக்குக்கு மேல் தரமாட்டேன் என்றார், குளிர் அறையில் பழைய பால் தட்டு ஓர் அடுக்கு மீதமிருந்தது, அதைச் சாதாரண பாக்டீரியாவுக்கு வைத்துக்கொண்டு, புதியதையெல்லாம் முக்கியமானதற்கு எடுத்துக்கொண்டேன். மூன்று தடவையும் அப்படித்தான். “உங்க தட்டுதானே அக்கா, பழசென்ன புதுசென்ன” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அக்கா அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். மீதமிருந்த பால் தட்டில் நீலம் ஒன்று, பச்சை ஒன்று எடுத்தாள். இரண்டிலும் நெட்டையின் சாதாரண பாக்டீரியாவையே தேய்த்து, சூட்டுப் பெட்டிக்குள் வைத்தாள். வேலையெல்லாம் கை பாட்டுக்குச் செய்தது.

வீட்டில் சோறு இறங்கவில்லை. கணவர் துருவிக் கேட்டதும் சொல்லிவிட்டாள். அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு யோசித்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு என்பதுதான் அவர் சொன்னது. அந்தப் பெண் சந்தோஷமாக இருக்கிறாள், நீ யாரையும் கொல்லவில்லை, நாலு பேர் படிக்கிற தாளில் ஒரு படம் தப்பாக இருந்தால் உலகம் கவிழ்ந்துவிடாது, உனக்கோ இன்னும் ஏழு வருஷம் வேலை இருக்கிறது. அவர் கெட்டவரில்லை. அவள் மேலுள்ள கரிசனத்தில் சொன்னார். அவளுக்கும் அதுதான் சரி என்றுகூடப் பட்டது. இருபத்திரண்டு வருஷத்துப் பெயர் ஒரு பக்கம், கட்டிக்கொண்டு சிரித்த அந்தப் பெண்ணின் முகம் ஒரு பக்கம். வாயைத் திறந்தால் இரண்டும் ஒருசேரப் போய்விடும். ஆனால் சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவுகிறபோது, நீங்கள் ரிப்பேர் பார்த்த லிஃப்டில் கயிறு தேய்ந்திருப்பது பின்னால் தெரியவந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அவர் துண்டை எடுத்துப் பாத்திரத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

காலையில் சூட்டுப் பெட்டியைத் திறந்தாள். பச்சைத் தட்டில் அழகான வளையம். நீலத்தில் அதே பாக்டீரியா, சோனியாக வளர்ந்து, சுற்றிலும் வெறும் வெள்ளை. ஊக்கு சரியாகத்தான் இருந்தது. நாடாவும் சரியாகத்தான் இருந்தது. தள்ளுகிற விரலை அவள் ஊற்றிய மருந்து பிடித்துவைத்திருந்தது.

நெட்டை சீட்டோடு வந்து குனிந்தபோது அக்கா சீட்டை வாங்கவில்லை. உள்ளே வரச் சொல்லி, ஸ்டூலில் உட்காரவைத்து, இரண்டு தட்டையும் வெளிச்சத்தில் வைத்தாள். கூடவே நோட்டையும் திறந்துவைத்தாள்.

“ரெண்டும் உன் சாதாரண பாக்டீரியாதான்மா. நீலத்துல நான் பூசண மருந்து கலந்திருந்தேன். உன் படத்துல வளையம் வராததுக்கு ஊக்கு காரணமில்ல. நான்தான்.”

நெட்டை தட்டை எடுத்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், விளிம்பைப் பார்த்தாள். அழுவாள் என்று அக்கா எதிர்பார்த்தாள், திட்டுவாள் என்றும் எதிர்பார்த்தாள். அவள் இரண்டும் செய்யவில்லை. மருந்தின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டாள். அசைடு என்றதும் கண்ணை மூடிக்கொண்டாள். “அது அந்த மோட்டாரைத்தான் நிறுத்தும். முதல் வருஷப் பாடம், அக்கா” என்றாள். எழுந்து போகும்போது கதவு நிலை தலையில் இடித்தது, அதையும் தடவிக்கொள்ளாமல் போனாள்.

அன்றே அக்கா புதிதாகக் கரைசல் கலக்கி, மருந்தில்லாமல் பால் தட்டு ஊற்றினாள். நெட்டை இரண்டு பாக்டீரியாவையும் ஒரே அடுக்கில் வளர்த்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை யாருமில்லாத கட்டடத்தில் இரண்டு பேரும் சூட்டுப் பெட்டி முன்னால் நின்றார்கள். ஊக்கு மாற்றாததற்கும் வளையம். மாற்றியதற்கும் வளையம். அளவெடுத்துப் பார்த்தால்கூட ஒரு நூல் வித்தியாசமில்லை. மூன்று வருஷம் நம்பிய எண்ணம் அந்தத் தட்டிலேயே முடிந்துபோயிற்று. அக்காவுக்கு அந்தப் பெண்ணின் தோளைத் தொடவேண்டும்போல் இருந்தது. தொட நமக்கு என்ன உரிமை என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமைப் பேச்சு ரத்தானது. பேராசிரியர் அறையில் நெட்டை தானே முந்திக்கொண்டு, வேறு வேறு அடுக்குத் தட்டை எடுத்தது என் தப்பு என்றாள். அக்கா விடவில்லை. மருந்து போட்டது நான், பாட்டில் மேல் எழுதாததும் நான், நோட்டில் எழுதி நானே வைத்துக்கொண்டால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்றாள். பேராசிரியர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அக்காவின் கோப்பில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் ஏறியது. எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று ஜன்னல் பக்கத்தில் ஒரு பலகை வைக்கச் சொன்னார். கடல் தாண்டிய வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அதன் பிறகு நெட்டை ஜன்னலுக்கு வரவில்லை. பக்கத்து மேசைக்காரர் அவளுக்கும் சேர்த்துச் சீட்டுக் கொடுத்து வாங்கிப்போனார். பதினோரு நாள். அக்கா எண்ணவில்லை என்று சொன்னால் அது பொய். பால் தட்டு ஊற்றுகிற நாளெல்லாம் கதவை விரியத் திறந்துவைத்தாள். மாடிப்படியில் நீளமான காலடி கேட்டால் கை தானாக நின்றது. பேரனின் படத்தை மகள் அனுப்பினால்கூட, இதை அவளிடம் காட்டவேண்டுமே என்றுதான் முதலில் நினைப்பு ஓடியது. ‘அவசரம்’ என்று எழுதிய சீட்டுக்குக்கூட மறுபேச்சில்லாமல் தட்டு கிடைத்ததைப் பார்த்து, அக்காவுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று கட்டடத்தில் பேசிக்கொண்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் ஜன்னலில் ஒரு முகம் குனிந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம், சிரிப்பில்லை. பேராசிரியரோடு ஒரு வாரம் மல்லுக்கட்டியதாகச் சொன்னாள். ஊக்கில் ஒரு மணியை மாற்றினாலும் வாசல் திறக்கிறது என்றால், நாம் நினைத்த அளவுக்கு வாசல் கறாராக இல்லை என்று அர்த்தம். அதுவும் ஒரு முடிவுதானே, அதை எழுதலாம் என்று அவரைச் சம்மதிக்க வைத்திருக்கிறாள். இன்னும் ஒரு வருஷம் ஆகும். ஆனால் வாசல் திறந்திருக்கிறது என்று சொல்லவேண்டுமானால், நிஜமாகவே அடைத்துப்போனால் தட்டு எப்படி இருக்கும் என்றும் பக்கத்தில் காட்டவேண்டும். சீட்டை நீட்டினாள். ‘பால் தட்டு, அசைடுடன்’ என்று எழுதியிருந்தது. அளவுக்கான இடம் காலியாக இருந்தது.

“எவ்வளவு போட்டீங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். அதே அளவு. இந்தத் தடவை தெரிஞ்சே போடுங்க, அக்கா.”

அக்கா சீட்டை வாங்கினாள். லிட்டருக்கு ஐம்பது மில்லி என்று காலியிடத்தில் அவளே எழுதினாள். எத்தனை அடுக்கு என்று பார்த்தாள். மாற்றிய பாக்டீரியாவுக்கு மருந்துள்ளது ஓர் அடுக்கு, இல்லாதது ஓர் அடுக்கு; சாதாரணத்துக்கு இல்லாதது ஓர் அடுக்கு. மொத்தம் மூன்று. சீட்டைத் திருப்பி நெட்டையின் கையிலேயே கொடுத்தாள்.

“சாதாரணத்துக்கு மருந்துள்ளது எங்க? ரெண்டு பாக்டீரியாவுக்கும் ரெண்டு நிறக் கோடு. நாலு அடுக்கு. மூணு கேட்டா ஜன்னலைச் சாத்திடுவேன்.”

நெட்டை சீட்டைப் பார்த்தாள். மூன்றை அடித்துவிட்டு நான்கு என்று எழுதினாள். எழுதி முடித்ததும் நிமிரப் போனவள், மறுபடி குனிந்து, பேரன் யார் ஜாடை என்று கேட்டாள்.